ஒரு ரப்பர், ஒரு கயிறு: முடுக்கம் ஏன் உள்நோக்கி இருக்கிறது?

அக்கா மகன் ஜூனியர் கல்லூரியில் (ஜேசி) முதலாண்டு. போன வாரம் நோட்டோடு வந்து நின்றான். "மாமா, ஒரு பொருள் வட்டத்துல ஒரே வேகத்துல சுத்துது. வேகமே மாறலையே, முடுக்கம் எங்கேயிருந்து வருது? அதுவும் உள்பக்கமா?" நான் லிஃப்ட் மெக்கானிக், வாத்தியார் இல்லை. ஆனாலும் கீழே சொல்லும் வழியில் அவனுக்குப் பிடிபட்டது.

ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் முடுக்கம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். திசைவேகம் மாறுவதுதான் முடுக்கம். திசைவேகத்துக்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. திசை மட்டும் திரும்பினாலும் அது முடுக்கம்தான்.

சரி, தாளை எடுங்கள். காம்பஸால் 6 செ.மீ. ஆரத்தில் வட்டம். அதன்மேல் 30 பாகை இடைவெளியில் இரண்டு புள்ளிகள். ஒவ்வொன்றிலும் வட்டத்தைத் தொட்டுச் செல்லும்படி, சுற்றும் திசையில் 5 செ.மீ. அம்பு. இரண்டும் ஒரே நீளம், ஏனென்றால் வேகம் மாறவில்லை. இப்போது இரண்டு அம்புகளின் வால்களும் ஒரே இடத்தில் சேரும்படி ஓரமாகத் திரும்ப வரையுங்கள். முதல் அம்பின் நுனியிலிருந்து இரண்டாவதன் நுனிக்கு ஒரு குட்டி அம்பு போடுங்கள். சுமார் 2.6 செ.மீ. வரும். திசைவேகத்தில் ஏற்பட்ட மாற்றம் அதுதான். அதை அப்படியே நகர்த்தி, இரு புள்ளிகளுக்கும் நடுவே வட்டத்தின்மேல் வையுங்கள். நேராக மையத்தைக் காட்டும்.

அவனுக்கு முதல் தடவை அம்பு மையத்தைக் காட்டவில்லை. அம்பை நகர்த்தும்போது கொஞ்சம் சாய்த்துவிட்டான். மூலைமட்டத்தை ஸ்கேலோடு ஒட்டித் தள்ளி நகர்த்துங்கள், சாயாது. 30 பாகையை 10 ஆக்கிப் பாருங்கள்: அம்பு சிறுக்கும், ஆனால் மையத்தை விடாது. அங்கே ஓடும் திசைக்கு அது செங்குத்து. அதனால்தான் வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"பஸ்ல வெளியேதானே தள்ளுது?" என்றான். சிங்கப்பூரின் நியூட்டன் சர்க்கஸ் ரவுண்டபௌட்டை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். (அந்தப் பெயர் ஐசக் நியூட்டனுடையது இல்லை, ஒரு நகராட்சிப் பொறியாளருடையது!) பஸ் வலப்பக்கம் வளைகிறது, உடம்போ நேரே போகப் பார்க்கிறது. இடப்பக்கச் சுவர் வந்து நம்மை உள்ளே தள்ளுகிறது. யாரும் வெளியே தள்ளவில்லை.

நம்பாவிட்டால் அரை மீட்டர் கயிற்றில் ரப்பரைக் கட்டிச் சுற்றி, விட்டுப் பாருங்கள். மையத்திலிருந்து நேர் வெளியே பறக்காது, தொடுகோட்டில் போகும். புளோக்குக்குக் கீழே ஆளில்லாத இடத்தில் செய்யுங்கள். நாங்கள் காரிடாரில் செய்தோம்; பக்கத்து வீட்டுத் துளசித் தொட்டி காலி.

முடுக்கத்தின் கணக்குக்கு, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க வேண்டும். விநாடிக்கு ஒரு சுற்று என்றால் ரப்பருக்குக் கிட்டத்தட்ட 20 மீ/வி², அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல இரண்டு மடங்கு. சிங்கப்பூர் ஃபிளையர் ராட்சதச் சக்கரத்தின் ஆரம் 75 மீட்டர். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் 0.0009 மீ/வி²தான். இதைக் கேட்டதும் அவனே கால்குலேட்டரைப் பிடுங்கி இரண்டு தடவை போட்டுப் பார்த்தான்.