மேற்கு டெக்சஸ் கவுண்டியின் கதையைப் பத்திரத்திலிருந்து படிப்பது எப்படி

மிட்லண்டில் இருந்துகொண்டு பதினோரு வருடமாக எண்ணெய் நிறுவனங்களுக்கு வில்லங்கம் பார்க்கிறேன். இந்த வேலைக்கு இங்கே லேண்ட்மேன் என்று பெயர். பெண்ணுக்கும் அதே பெயர்தான். ஒரு நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெய் யாருக்குச் சொந்தம் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப் புரட்டிப் புரட்டித்தான் இந்த ஊர்களின் சரித்திரம் எனக்குப் பிடிபட்டது. டெக்சஸில் 254 கவுண்டிகள், நம் மாவட்டம் மாதிரி, இருக்கின்றன. மாடும் எண்ணெயும் சேர்ந்து வளர்த்த ஒரு கவுண்டியை அறிய ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மியூசியத்துக்கு அப்புறம் போகலாம், முதலில் பத்திரங்களைப் பதிந்து வைக்கும் கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போங்கள்.

வேலை நாளில் போக வேண்டும். பதிவேடுகள் பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நகல் பக்கத்துக்கு ஒரு டாலர். போவதற்கு முன் அந்தக் கவுண்டி எதிலிருந்து பிரிந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரீகன் கவுண்டி 1903இல் டாம் கிரீன் கவுண்டியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய காலத்தைத் தேடுகிறவர் தாய்க் கவுண்டியையும் பார்த்தாக வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது மாட்டுச் சூட்டுக்குறிப் பதிவேடு. என் கண்ணுக்கு அலுவலகத்திலேயே அழகான புத்தகம் அதுதான். ஒவ்வொரு பண்ணைக்காரரும் தன் குறியைக் கையால் வரைந்து, மாட்டின் இடது தொடையா, வலது விலாவா என்று இடத்தையும், காதை எப்படி வெட்டுவார் என்பதையும் எழுதியிருப்பார். குறியை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். படுத்துக் கிடக்கும் எழுத்துக்கு ‘லேஸி’ என்று பெயர். அடியில் வளைகோடு இருந்தால் ‘ராக்கிங்’. இறக்கை முளைத்திருந்தால் ‘ஃபிளையிங்’. இது செத்துப்போன வழக்கம் இல்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை கிளார்க்கிடம் புதுப்பிக்க வேண்டும் என்பது இன்றும் சட்டம்.

பிறகு கிரயப் பத்திரங்கள். விற்றவர் பெயர் வரிசையில் ஒரு அட்டவணை, வாங்கியவர் பெயர் வரிசையில் இன்னொன்று. இன்றைய உரிமையாளரில் ஆரம்பித்துப் பின்னோக்கி நடந்தால் மூலப்பத்திரத்தில் போய் நிற்பீர்கள். அங்கே பெரும்பாலும் ஒரு ரயில்வே நிறுவனத்தின் பெயர் இருக்கும். 1876ஆம் வருடச் சட்டப்படி ரயில் பாதை போட்டவர்களுக்கு மைலுக்கு 16 செக்ஷன் நிலம் கிடைத்தது. ஒரு செக்ஷன் 640 ஏக்கர். அவர்கள் அளந்ததில் ஒன்றுவிட்டு ஒரு செக்ஷன் பள்ளிக்கூட நிதிக்குப் போய்விடும். அளவு ‘வாரா’வில் எழுதியிருக்கும், ஸ்பானியர் விட்டுப்போன அளவு, 33⅓ அங்குலம். செக்ஷனின் ஒரு பக்கம் 1,900 வாரா, ஏறக்குறைய ஒரு மைல். முதல் வருடம் நான் வாராவை கெஜம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலையைப் பாழாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

பத்திரத்தின் கடைசிப் பத்தியைத் தவறாமல் படியுங்கள். ‘கனிமங்களை விற்பவரே வைத்துக்கொள்கிறார்’ என்ற ஒரு வரி அங்கேதான் ஒளிந்திருக்கும். மேல்நிலம் ஒருவருக்கு, அடியில் இருப்பது இன்னொருவருக்கு. மாடு மேய்க்கிற குடும்பம் தன் நிலத்தில் ஓடும் பம்பிலிருந்து ஒரு காசும் வராமல் இருப்பதும், ஊரைவிட்டே போன குடும்பத்துக்கு மாதாமாதம் செக் போவதும் அந்த ஒரு வரியால்தான். அதற்கடுத்து எண்ணெய் லீஸ், அதாவது எண்ணெய் எடுக்கும் குத்தகைப் பதிவேடு. பழைய லீஸ்களில் நிலத்துக்காரருக்கு எட்டில் ஒரு பங்கு ராயல்டி. எந்த வருடத்தில் லீஸ்கள் திடீரென்று பெருகுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ரீகன் கவுண்டியில் அந்தக் கதையே தனி. அங்கே நிறைய நிலம் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். மேய்ச்சலுக்கு மட்டுமே லாயக்கு என்று நினைத்திருந்த வறண்ட பூமி. 1923 மே 28 அன்று அங்கே சாண்டா ரீட்டா நம்பர் 1 என்ற எண்ணெய்க் கிணறு பொங்கியது. சாண்டா ரீட்டா என்பது முடியாத காரியங்களுக்குத் துணை நிற்கும் புனிதையின் பெயர். தோண்டத் தொடங்கி 646 நாள் ஆகியிருந்தது. அந்தக் கிணறு 1990 வரை எண்ணெய் கொடுத்தது. முதலில் தோண்டிய சாதனத்தை ஆஸ்டின் வளாகத்தில் இன்றும் பார்க்கலாம்.

பத்திரங்களில் இல்லாதவர்களை மறக்கக் கூடாது. இந்தப் புல்வெளி கோமான்சி என்ற பூர்வகுடி மக்களுடையது. 1874-75 போரில் அவர்களை ஒடுக்கிய பிறகுதான் இங்கே வேலி வந்தது. அவர்கள் பெயர் எந்த அட்டவணையிலும் கிடைக்காது. பீகாஸ் ஆற்றின் ஹார்ஸ்ஹெட் கிராசிங், அவர்கள் பாதை ஆற்றைக் கடந்த இடம். அதைத் தனியாகத் தேடிப் படியுங்கள். அந்தந்த ஊரின் பழைய செய்தித்தாள்கள் பலவற்றை வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

சாலையில் போகும்போது எண்ணெய்க் கிணற்றின் பலகையை வண்டியிலிருந்தே படியுங்கள். அதில் லீஸின் பெயர் இருக்கும். பல இடங்களில் அது பழைய பண்ணைக் குடும்பத்தின் பெயர். உள்ளே மட்டும் போகாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைட் வாயு உயிரைக் குடித்துவிடும். கம்பத்தில் ஊதா பெயின்ட் இருந்தால் நுழையத் தடை என்று அர்த்தம்.

கடைசியாக, ரீகன் கவுண்டியின் இன்றைய தலைநகரான பிக் லேக்குக்கு வடக்கே ஸ்டைல்ஸ் என்ற ஊர் வரை போய் வாருங்கள். 1925 வரை ஸ்டைல்ஸ்தான் தலைநகர். ரயில் பிக் லேக் வழியாகப் போனது. பின்னால் தலைநகரும் போனது. 1911இல் கட்டிய கல் கோர்ட் கட்டடத்துக்கு 1999இல் யாரோ தீ வைத்துவிட்டார்கள். சுவர்கள் மட்டும் நிற்கின்றன. பதிவேடுகள் எப்போதோ பிக் லேக்குக்குப் போய்விட்டதால் தப்பின. நான் வேலிக்கு வெளியே நின்று அந்தச் சுவர்களைப் பார்த்தேன். காலையில் நான் நகல் எடுத்த சூட்டுக்குறிப் பக்கங்கள் கார் சீட்டில் இருந்தன.