லிவிங் வில் எழுதும் முறை: கடைசிக்கால சிகிச்சை பற்றி இப்போதே முடிவெடுக்க

சொத்துக்கு உயில் எழுதும்போதே ஆஸ்பத்திரி விஷயத்தையும் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. சேர்த்துப் பயனில்லை. சொத்து உயிலைக் காரியம் முடிந்த பிறகுதான் பிரித்தே பார்ப்பார்கள். ஐசியூவில் நினைவில்லாமல் கிடக்கும்போது உங்களுக்காகப் பேச வேண்டியது லிவிங் வில், அதாவது எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணம். அதைத் தனியாக எழுதுங்கள்.

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. மாஜிஸ்திரேட்டும் கையெழுத்திட வேண்டும் என்று அப்போது இருந்த நிபந்தனையை 2023 ஜனவரி உத்தரவு நீக்கிவிட்டது. 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் இருப்பவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். சாட்சிகள் வீட்டு மனிதர்களாக இல்லாதிருப்பது நல்லது.

பெரும்பாலும் தவறு நேர்வது வாசகத்தில்தான். ‘என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் மருத்துவர்கள் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. தெளிவில்லாத ஆவணத்தைச் செயல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பே சொல்கிறது. இப்படி எழுதுங்கள்: ‘குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயில், நானே முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் வென்டிலேட்டர் வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம், இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க வேண்டாம்.’ மூக்குக்குழாய் வழி உணவு பற்றித் தனி வரி அவசியம். ‘அம்மாவைப் பட்டினி போடுவதா?’ என்று பிள்ளைகள் மனம் உடைந்து சண்டையிடுவது இந்த இடத்தில்தான். வேண்டியதையும் எழுதுங்கள்: வலிக்கு மார்ஃபின் உட்பட மருந்து, மூச்சுத்திணறலுக்கு நிவாரணம், முடிந்தால் வீட்டிலேயே கடைசி நாட்கள். ஊசி போட்டு உயிரை முடிக்கச் சொல்லி எழுத முடியாது. சட்டம் அதை அனுமதிக்கவில்லை.

உங்கள் சார்பில் சம்மதம் சொல்ல ஒருவருக்கு மேல் பெயர் குறிப்பிடுங்கள். மூத்த பிள்ளை என்பதற்காக மட்டும் போடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரா, உறவினர் கூடி அழும்போதும் உங்கள் சொல்லில் நிற்பவரா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து ஓடிவரும் பிள்ளை, ‘எல்லா சிகிச்சையும் செய்யுங்கள்’ என்று சொல்வது இயல்பு. அதனால் அவருக்கும் இப்போதே படித்துக் காட்டிவிடுங்கள்.

பிரதிகளை நீங்கள் பெயர் குறிப்பிட்டவர்களுக்கும், குடும்ப மருத்துவருக்கும், உள்ளாட்சியில் இதற்கென உள்ள அதிகாரிக்கும் கொடுங்கள். பீரோவில் பூட்டிய ஒரே பிரதி, நள்ளிரவு ஆம்புலன்ஸ் வரும்போது உதவாது.

ஆஸ்பத்திரியில், சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த குழு, கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்லும். பிறகு இரண்டாவது குழு அதைச் சரிபார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால், மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்துவிட்டுக் கருவிகளை நிறுத்துவார்கள். ஆகவே ‘காகிதத்தைக் காட்டினால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்ற பயம் வேண்டாம்.

மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். புதிதாக எழுதினால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும். பழைய பிரதிகளை மறக்காமல் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.