சர்க்கரை நோயாளியின் நெஞ்செரிச்சலில் மனத்தின் பங்கைக் கண்டறிவது எப்படி?

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவருக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுத்த பின்னும் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் தொடருமானால், மனநிலையும் சர்க்கரையும் இரைப்பையும் ஒன்றையொன்று எவ்வாறு தூண்டுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. நீரிழிவால் நரம்புகள் பழுதுபட்டவர்களுக்கு மாரடைப்புகூடக் கடும் வலியின்றி, எரிச்சலாகவோ மூச்சுத்திணறலாகவோ வரக்கூடும்; ஆகவே புதிதாகத் தோன்றும் நெஞ்சு அழுத்தத்தையோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியையோ பதற்றம் என்று எண்ணி வீட்டில் காத்திருக்கக் கூடாது. விழுங்குவதில் சிரமம், கறுப்பு மலம், காரணமற்ற எடை இழப்பு ஆகியவற்றையும் தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மன அழுத்தத்தில் சுரக்கும் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சர்க்கரையை உயர்த்துகின்றன. உயர்ந்த சர்க்கரை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. இரைப்பையின் அசைவை இயக்கும் வேகஸ் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் தாமதம் இன்னும் கூடும். தேங்கிய உணவு மேலேறி இரவுத் தூக்கத்தைக் கெடுக்க, மறுநாள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகிறது. இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று: அமிலம் சிறிதும் கூடாத நிலையிலும் பதற்றம் எரிச்சலைக் கூட்டும். கவலையில் இருப்பவரின் நரம்புகள் சிறிதளவு அமிலத்தையும் பெரும் வலியாக மூளைக்கு உணர்த்துகின்றன. அந்த வலி மெய்யானது. "எல்லாம் மனப்பிரமை" என்று ஒதுக்குவது நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் வரும்போதெல்லாம் நேரம், கடைசியாக உண்ட நேரம், குளுக்கோமீட்டர் காட்டும் அளவு, 0 முதல் 10 வரையிலான கவலை மதிப்பெண் ஆகியவற்றை எழுதுங்கள். படபடப்பும் நடுக்கமும் சேர்ந்து வந்தால் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும், டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை, உடனே 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு 15 நிமிடங்கள் கழித்து மறுபடி அளக்க வேண்டும். இன்சுலின் போடுபவருக்கு உண்ட பிறகும் சர்க்கரை தாழ்ந்தால், உணவு இரைப்பையிலேயே தங்கியிருக்கலாம் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குறிப்புகளைப் படிக்கும்போது, வயிறு நிறைய உண்டு படுத்த இரவுகளில் மட்டும் எரிச்சல் வருகிறதென்றால் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே உண்பதும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும், இடப்பக்கமாகப் படுப்பதும் பெரும்பாலும் உதவும். உணவோடு தொடர்பின்றி கவலை மதிப்பெண்ணோடு சேர்ந்தே எரிச்சல் ஏறி இறங்கினால், உணவுக்குழாயின் அமில அளவை 24 மணி நேரம் பதிவுசெய்யும் சோதனை தேவையா என்று குடல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இத்தகையோருக்கு வயிற்று மூச்சுப் பயிற்சி நல்ல பலன் தரும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் ஒரு பகுதி உணவுக்குழாயின் அடிவாயைச் சூழ்ந்து இறுக்குவதால், இப்பயிற்சி மனத்தை அமைதிப்படுத்துவதோடு அந்த வாயிலையும் வலுப்படுத்துகிறது. உணவுக்குப் பின் நிமிர்ந்து அமர்ந்து, வயிற்றில் ஒரு கையை வைத்து, மார்பு அசையாமல் வயிறு மட்டும் எழும்படி மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக வெளிவிடுங்கள்.

செமாகுளுடைடு போன்ற நீரிழிவு மருந்துகளும் இரைப்பையை மெதுவாக்கும் என்பதால், தாமாக எதையும் நிறுத்தாமல் முழு மருந்துப் பட்டியலையும் குறிப்பேட்டோடு கொண்டுசெல்லுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றி மனம் சோர்ந்திருந்தால் அதையும் அதே சந்திப்பில் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு அதிகம் காணப்படுகிறது, அதற்குத் தனியாகச் சிகிச்சையும் உண்டு.