மன அழுத்தத்தை அளக்கப்போய்க் கைவேகத்தை அளந்த கதை

சென்ற மாதம் முனைவர் பட்ட மாணவர்கள் இருவர் ஒரு வரைபடத்தைக் காட்ட என்னிடம் வந்தார்கள். பத்து நாள், நாள்தோறும் குழாயில் அடைத்து அழுத்தத்துக்கு உள்ளாக்கிய வெள்ளெலிகளின் அமிக்டலாவில், அதாவது பயத்தையும் பதற்றத்தையும் கையாளும் மூளைப்பகுதியில், ஆனந்தமைடு என்ற மூளையின் சொந்த வேதிப்பொருள் குறைந்திருந்தது. அடைக்கப்படாத எலிகளில் அது கூடுதலாக இருந்தது. எலிகளை எந்த வரிசையில் வெட்டி மூளையை எடுத்தீர்கள் என்று கேட்டேன். காலையில் கட்டுப்பாட்டுக் குழு, மதிய உணவுக்குப் பின் அழுத்தக் குழு என்றார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் அதே வரிசையில்தான் வெட்டினேன்.

கஞ்சாச் செடியில் போதை தரும் பொருளான டிஎச்சி வேறு, நம் மூளையே உண்டாக்கும் ஆனந்தமைடு வேறு என்பது போன்ற பாலபாடங்களை இங்கே நான் தொடப்போவதில்லை. அவற்றில் தவறுபவர்கள் தாங்களாகவே விரைவில் திருந்திவிடுவார்கள். பல மாதம் உழைத்த பிறகும் கண்ணில் படாத தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரே ஒரு அளவு

டிஎச்சி பதற்றத்தைக் குறைக்குமா, கூட்டுமா என்று கேட்டால் இரண்டுக்கும் ஆம் என்பதே விடை. டிஎச்சியும் ஆனந்தமைடும் மூளையில் பற்றிக்கொள்ளும் சிபி1 ஏற்பி பெரும்பாலும் நரம்பு முனைகளில் அமர்ந்திருக்கிறது. செய்தியைப் பெறும் செல் அந்த ஏற்பியைத் தொடும் மூளையின் சொந்தப் பொருளை (பெரும்பாலும் ஆனந்தமைடின் உறவான 2-ஏஜியை) உண்டாக்கிப் பின்னோக்கி அனுப்ப, அது அந்த முனையிலிருந்து வெளிவரும் வேதிப்பொருளைக் குறைக்கிறது என்பது 2001-இல் தெளிவானது. அந்த முனை கிளர்ச்சியூட்டும் குளுட்டமேட்டை வெளியிடுவதாக இருந்தால் பரபரப்பு அடங்கும். அடக்கும் தன்மையுள்ள காபாவை வெளியிடுவதாக இருந்தால் அடக்கும் கையே தளர்ந்துபோகும். சுண்டெலிகளில் இந்த இரு வகைச் செல்களிலிருந்தும் சிபி1-ஐத் தனித்தனியே நீக்கிப் பார்த்தபோது, குறைந்த அளவு மருந்து தரும் அமைதிக்குக் குளுட்டமேட் செல்களின் ஏற்பியும், அதிக அளவு தரும் பதற்றத்துக்குக் காபா செல்களின் ஏற்பியும் தேவைப்பட்டன.

மனிதர்களிடமும் இதே கதைதான். சிகாகோவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், அந்நியர்கள் முன் பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்தபோது, 7.5 மில்லிகிராம் டிஎச்சி உண்டவர்களுக்கு மனத்தொல்லை குறைந்தது, 12.5 மில்லிகிராம் உண்டவர்களுக்குச் சோதனை தொடங்கும் முன்பே மனநிலை கெட்டது. இடைவெளி வெறும் 5 மில்லிகிராம். ஆகவே ஒரே ஒரு அளவைக் கொடுத்துவிட்டு "கன்னாபினாய்டு (டிஎச்சி வகைப் பொருள்) பதற்றத்தைக் கூட்டுகிறது" என்று எழுதும் ஆய்வேடு, அந்த ஒரு அளவைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

நகராத எலி

அதிக அளவு டிஎச்சி கொடுத்த எலி நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், உடல் குளிரும், வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும். பதற்றத்தை அளக்கும் பிளஸ் மேஸ் என்பது இரு கைகள் திறந்தும் இரு கைகள் சுவரால் மூடியும் உள்ள, கூட்டல் குறி வடிவ மேடை. அந்த எலி அதன் திறந்த கைகளுக்குப் போகவில்லை என்பதைப் பயம் என்று படித்துவிடாதீர்கள். மூடிய கைகளுக்குள் எத்தனை முறை நுழைந்தது என்ற எண்ணிக்கையை முதலில் பாருங்கள்.

பிளாஸ்டிக் குழாய்

டிஎச்சி ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி வாங்குங்கள்.

தலையை எடுத்ததும் கணக்கு நின்றுவிடாது

இன்றைக்கும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். என் எலிகள் 32. பதினாறு கட்டுப்பாட்டுக்கு, பதினாறு அழுத்தத்துக்கு. நெறியாளர் ஊரில் இல்லை, கில்லட்டினை நானே இயக்கினேன். முதல் எலியின் மண்டையோட்டைத் திறந்து, மூளையைப் பனிக்கட்டி மேல் வைத்த தட்டில் போட்டு, அமிக்டலா, ஹிப்போகேம்பஸ், முன்மூளைப் புறணி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரவ நைட்ரஜனில் இடுவதற்கு ஒன்பது நிமிடம் பிடித்தது. கத்தரியின் முனை எந்த எலும்பில் சிக்கும் என்று எட்டாவது எலிக்குள் கை கற்றுக்கொண்டது. மாலையில் கடைசி எலி நான்கு நிமிடத்தில் முடிந்தது. என் கைத்திறனை எண்ணி அன்று நான் மகிழ்ந்தே போனேன்.

ஆனந்தமைடு மூளையில் சேமித்து வைக்கப்படும் பொருள் அன்று. தேவைப்படும் கணத்தில் செல்சவ்வின் கொழுப்பிலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. இரத்த ஓட்டம் நின்றதும் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, அதன் மூலப்பொருள் மளமளவென உருவாகிறது, அதிலிருந்து ஆனந்தமைடும் சேர்ந்துகொண்டே போகிறது. எலி இறந்த பிறகும் கூடிக்கொண்டிருக்கும் எண் இது. 2-ஏஜி வேறு தாளத்தில் மாறுகிறது. மேலும் அது ஆனந்தமைடைவிட நூறு மடங்குக்கும் மேலான அளவில் இருப்பதால், ஒன்றுக்குச் சரியாக வந்த முறை மற்றதற்கும் சரியாக வரும் என்று நம்ப முடியாது.

என் முடிவில் அழுத்தக் குழுவின் ஆனந்தமைடு குறைந்திருந்தது. அழுத்தம் ஆனந்தமைடைச் சிதைக்கும் எஃப்ஏஏஎச் நொதியை அமிக்டலாவில் முடுக்கிவிடுகிறது, ஆகவே ஆனந்தமைடு குறைகிறது என்றுதான் முன்பே வெளியான ஆய்வுகளும் கூறின. என் எண்கள் அவற்றோடு கைகோத்து நின்றன. எதிர்பாராத விடை வந்திருந்தால் இரவெல்லாம் உட்கார்ந்து தோண்டியிருப்பேன். எதிர்பார்த்தது வந்ததால் யாரும் எதையும் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து, மூலக்கூறுகளின் அளவைக் காட்டும் மாஸ் ஸ்பெக் கருவியை இயக்கும் மூத்தவர் ஒருவர் தேநீர் குடித்தபடி, "எலி ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆச்சும்மா?" என்று கேட்டார். உதவிக்கு நின்ற இளநிலை மாணவி குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் நேரத்தைக் குறித்து வைத்திருந்தது எனக்கு அதிர்ஷ்டம். அந்த நிமிடங்களைக் கிடை அச்சில் வைத்து ஆனந்தமைடை வரைந்தேன். புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரிசை கட்டின. குழுவின் பெயரை மறைத்துவிட்டாலும் அந்தக் கோடு மாறவில்லை. நான் அளந்தது எலிகளின் அழுத்தத்தை அன்று, என் கத்தரியின் பயிற்சியை.

உள்தரமாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த அளவில் கலக்கும் பொருளாக, டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் ஏற்றிய ஆனந்தமைடைச் சேர்த்திருந்தோமே என்று நானும் வாதாடினேன். அந்த மாணவர்களும் அதையே சொன்னார்கள். பிரித்தெடுக்கும்போது எவ்வளவு தொலைகிறது என்பதை உள்தரம் காட்டிக்கொடுக்கும். தட்டில் கிடந்த மூளை புதிதாக எவ்வளவு உண்டாக்கியது என்பதை அது அறியாது. அது குழாய்க்குள் போவதற்கு முன்பே தவறு நடந்து முடிந்திருக்கிறது.

அதே சோதனையைத் திரும்பச் செய்ய விலங்கு நெறிமுறைக் குழுவிடம் மீண்டும் விண்ணப்பித்து, 32 உயிர்கள் வீணானது ஏன் என்று எழுத்தில் விளக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்தியை எழுதியது போல் வேறெதையும் நான் அவ்வளவு மெதுவாக எழுதியதில்லை.

இப்போது என் ஆய்வகத்தில் மூளையை ஈரமாக வைத்துப் பிரிப்பதில்லை. எடுத்த கையோடு முழு மூளையையும் உலர்பனியில் குளிரவைத்த ஐசோபென்டேன் என்ற திரவத்தில் இட்டு உறையவைக்கிறோம். பிறகு கிரையோஸ்டாட் என்ற குளிர்ப்பெட்டி வெட்டுக்கருவியில், உறைந்த நிலையிலேயே, வேண்டிய பகுதியைத் துளையிட்டு எடுக்கிறோம். இரு குழுக்களும் சீட்டுக் குலுக்கிய வரிசையில் மாறி மாறி வருகின்றன. ஒருவர் நிறுத்துக்கடிகாரத்தோடு நின்று ஒவ்வொரு எலிக்கும் நொடிகளை எழுதுகிறார். அந்த நொடிகள் முடிவு அட்டவணையிலும் ஒரு பத்தியாக இடம்பெறுகின்றன. தலையில் நுண்ணலை பாய்ச்சி நொதிகளை அந்தக் கணமே நிறுத்தும் கருவி கிடைப்பவர்கள் பாக்கியசாலிகள். அதன் விலையை விசாரித்துவிட்டு நான் பேசாமல் வந்துவிட்டேன்.

மனிதரிடம் இரத்தம் எடுப்பவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. இரத்தச் செல்கள் குழாய்க்குள்ளும் ஆனந்தமைடை விட்டுக்கொண்டிருக்கும். மேசை மேல் அரை மணி நேரம் காத்திருந்த குழாய்க்கும் உடனே பனியில் வைத்துச் சுழற்றிய குழாய்க்கும் உள்ள வேறுபாட்டை நோயாளியின் மனநிலை என்று எழுதிவிடாதீர்கள்.

விளக்கு

எஃப்ஏஏஎச் தடுப்பான்கள் எலியின் பதற்றத்தைக் குறைப்பது, பெரும்பாலும் சூழல் பதற்றம் தருவதாக இருக்கும்போதுதான். மங்கிய ஒளியில் அதே மருந்து ஒன்றும் செய்யாமல் போகலாம். மேடையின் மேல் எத்தனை லக்ஸ் ஒளி விழுந்தது என்று எழுதாத கட்டுரையை நான் இரண்டாம் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை.

ஊசியும் அழுத்தம்தான்

மருந்தில்லாக் கரைசல் மட்டும் பெற்ற குழுவோடு, ஊசியே படாத குழுவும் வேண்டும்.

"அமைதி தரும் அமைப்பு" என்ற சொல்

ஆனந்தமைடு, 2-ஏஜி, சிபி1 எல்லாம் சேர்ந்த எண்டோகன்னாபினாய்டு அமைப்பைப் பற்றி அறிமுகப் பத்தியில் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனந்தமைடு என்ற பெயரே 1992-இல் சமஸ்கிருதத்தின் ஆனந்தத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் இந்த அமைப்பை நாம் தெளிவாக உணர்ந்தது அதை அடைத்துப் பார்த்தபோதுதான். சிபி1 ஏற்பியை அடைக்கும் ரிமோனபான்ட் உடல் எடைக் குறைப்புக்காக 2006-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. எடை குறைந்தது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணங்களும் வந்தன. 2008 அக்டோபரில் ஐரோப்பாவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது, 2009-இல் இந்தியாவும் தடை செய்தது. அப்படியானால் ஆனந்தமைடைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தலைகீழாகப் புரட்டிப் படிப்பதும் தவறு. எஃப்ஏஏஎச் நொதியைத் தடுக்கும் மருந்துகள் எலிகளில் நம்பிக்கை தந்த அளவுக்கு மனிதர்களில் இதுவரை தரவில்லை. 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் அவ்வகை மருந்தொன்றின் முதற்கட்டச் சோதனையில் ஆரோக்கியமான தன்னார்வலர் ஒருவர் இறந்தார். அந்த மருந்து குறிவைத்த நொதியோடு நிற்காமல் வேறு நொதிகளையும் தாக்கியதாகப் பின்னர் தெரிந்தது. இந்த அமைப்பு அழுத்தத்துக்கு உடல் தரும் பதிலைத் தொடக்கத்தில் தடுத்து நிறுத்துகிறது, முடிவில் அணைக்கவும் உதவுகிறது, இடத்துக்கு இடம் வேறு வேலை செய்கிறது என்று மூன்று வரி கூடுதலாக எழுதினால் போதும்.

அந்த இரு மாணவர்களிடமும் நேரக் குறிப்பு இல்லை. வெட்டிய நாளில் கைப்பேசியில் எடுத்த படங்களின் நேர முத்திரையை வைத்து, எலி எலியாக நிமிடங்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறார்கள்.