போனோடு வரும் உதவி ஆப்: செய்யக்கூடாத தவறுகள்

வைஃபை கிடைக்கவில்லை. போனிலேயே இருக்கும் உதவி ஆப்பைத் திறந்து ‘வைஃபை’ என்று தேடுகிறார் ஒருவர். வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் “இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்” என்று வந்து நிற்கிறது. இயங்குதளத்தோடு (ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் போன்றவை) உதவி ஆப்பைச் சேர்த்துக் கொடுப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் பெரியது. ஆப் போனில் இருக்கும், பக்கங்கள் சர்வரில் இருக்கும். வைஃபை, சிம், மொபைல் டேட்டா, லாக் ஸ்கிரீன், சார்ஜ் ஏறாதது, இவ்வளவும் நெட் இல்லாமலும் எந்தக் கணக்கிலும் உள்நுழையாமலும் திறந்தே ஆக வேண்டும். இடம் போதாது என்ற சாக்கு வேண்டாம். எழுத்துக்கும் கோட்டுப்படத்துக்கும் பெரிதாக இடம் தேவைப்படாது, இடத்தைத் தின்பது வீடியோவும் ஸ்கிரீன்ஷாட்டும்தான். அந்த ஸ்கிரீன்ஷாட்டும் ஒவ்வொரு மொழிக்கும் தனியாக எடுக்க வேண்டியது, அடுத்த அப்டேட்டில் பழசாகிப் போவது.

அடுத்தது, எல்லா போனுக்கும் ஒரே பதில் எழுதுவது. போனை எப்படி அணைப்பது என்பதைவிட எளிய கேள்வி கிடையாது. ஆனால் 2017-இல் வந்த ஐபோன் எக்ஸில் பக்கவாட்டு பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்தால் ‘சிரி’ என்ற குரல் உதவியாளர்தான் வரும், அணைக்க வேண்டுமென்றால் கூடவே ஒரு வால்யூம் பட்டனையும் பிடிக்க வேண்டும். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் இப்போது அசிஸ்டன்ட் எழுந்து வருகிறது. உதவி ஆப் ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கப்பட்டு, இயங்குதளம் பழையதாகவே இருந்தால், அந்த போனில் இல்லாத மெனுவை ஆப் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் எந்தப் பதிப்பு, எந்த மாடல் என்ற குறிப்பு இருக்க வேண்டும், ஆப்பே போனைப் பார்த்துச் சரியான பக்கத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மெனுப் பெயர்களில் நடக்கும் குளறுபடி தனிக்கதை. மெனுவில் ‘அமைப்புகள்’ என்று இருக்கும், உதவிப் பக்கத்தில் ‘அமைவுகள்’ என்று இருக்கும், ஏனென்றால் இரண்டையும் மொழிபெயர்த்தவர்கள் வேறு வேறு ஆட்கள். நமக்கு அது ஒன்றுதான் என்று தெரியும், முதல் முறை போன் வாங்கியவர் அந்தச் சொல்லைத் தேடித் தேடிக் களைத்துப் போவார். மெனு எந்தக் கோப்பிலிருந்து பெயரை எடுக்கிறதோ அதே கோப்பிலிருந்து உதவிப் பக்கமும் எடுக்கட்டும். அதைவிட நல்லது, “இங்கே போய், அதைத் தொட்டு” என்று வழி சொல்லாமல், தொட்டால் அந்த செட்டிங்ஸ் பக்கமே திறக்கும்படி ஒரு பட்டன் வைப்பது. ஆண்ட்ராய்டில் வைஃபை, ஒலி, பேட்டரி போன்ற பல பக்கங்களை இப்படி நேரடியாகத் திறக்க முடியும்.

தேடலும் அப்படித்தான். “ரிங் கேக்கல” என்று தட்டுபவருக்கு ‘தொந்தரவு செய்யாதே’ என்ற பயன்முறை இருப்பதே தெரியாது. மக்கள் பேசும் சொற்களை எல்லாப் பக்கத்திலும் மறைவாகச் சேர்த்து வையுங்கள்.

ஒருமுறை உறவினர் ஒருவரின் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், அதாவது பார்வையற்றோருக்காகத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் வசதி, தெரியாமல் ஆன் ஆகிவிட்டது. எதைத் தொட்டாலும் வாசிக்கிறது, ஆனால் திறக்கவில்லை. எப்படியோ உதவி ஆப்புக்குள் போய்விட்டார், பதிலும் அங்கே இருந்தது, ஆனால் பக்கத்தின் அடியில். டாக்பேக் ஓடும்போது திறக்க இருமுறை தட்ட வேண்டும், நகர்த்த இரண்டு விரல் வேண்டும், அது அவருக்கு எப்படித் தெரியும்? பாவம், ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு போன் கெட்டுப்போனதாகவே நினைத்துவிட்டார். மாட்டிக்கொண்டவர் எந்த நிலையில் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார் என்று யோசித்து, முதல் இரண்டு வரியிலேயே பதிலை வைக்க வேண்டும்.

அப்புறம், உதவி ஆப்பை விளம்பரப் பலகை ஆக்காதீர்கள். “புது வசதியைப் பாருங்கள்” என்று வாரம் இருமுறை நோட்டிஃபிகேஷன் வந்தால், நிஜமாக உதவி தேவைப்படும் நாளில் அந்த ஐகானை யாரும் தொட மாட்டார்கள். வேண்டாதவர் நீக்கவும் வழி வேண்டும். ஆப்பிளின் டிப்ஸ் ஆப் 2014-இல் ஐஓஎஸ் 8-உடன் வந்தது, அதை நீக்கும் வசதி 2016-இல் ஐஓஎஸ் 10-இல்தான் கிடைத்தது. ஆண்ட்ராய்டில் சிஸ்டம் பகுதியில் வைத்த ஆப்பை முடக்கத்தான் முடியும், அது பிடித்த இடம் திரும்பி வராது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் ஸ்டோர் அப்டேட்டும் போய், சிஸ்டத்தில் இருக்கும் பிரதிதான் மறுபடி தலைகாட்டும். அந்தப் பிரதியில் பிழை இருந்தால் அதுவும் கூடவே வரும், ஆகவே அனுப்பும் நாளிலேயே அது சரியாக இருக்க வேண்டும்.

சிஸ்டம் ஆப் என்பதற்காகத் தொடர்புகள், இருப்பிடம் என்று எல்லா அனுமதியையும் அள்ளிக் கொடுப்பதும் தவறு. பக்கம் காட்டுவதற்கு அவை எதற்கு?

கடைசியாக, போனைப் பற்றிய தகவல் பக்கம். மாடல் எண், இயங்குதளப் பதிப்பு, 15 இலக்க ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), இந்த மூன்றும் முதல் திரையிலேயே, பெரிய எழுத்தில், காப்பி செய்யும் பட்டனோடு இருக்கட்டும். சர்வீஸ் ஆட்கள் போனில் முதலில் கேட்பது இவற்றைத்தான், அழைப்பில் இருந்துகொண்டே ஐந்து மெனு தாண்டிப் போய்ப் படித்துச் சொல்வது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை.