கிரிப்டோ மாநாட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: படிப்படியாக ஒரு வழிகாட்டி

ஆகஸ்ட் பிறந்தால் குறியாக்கவியல் ஆராய்ச்சியாளர்களில் பெரும்பகுதி கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பக்கம் கிளம்பிவிடும். 1981இல் தொடங்கிய கிரிப்டோ மாநாடு, பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி நடந்ததை விட்டுவிட்டால், வருடா வருடம் அங்குள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில்தான் கூடிவருகிறது. பிட்காயின் விற்கிற கூட்டம் இல்லை இது. கணிதமும் கணினி அறிவியலும் கலந்த, கொஞ்சம் கடுமையான ஆராய்ச்சி மாநாடு. வளாகமோ கடலை ஒட்டிய மேட்டில் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே வாசிக்கப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஐஏசிஆர் (இந்த மாநாட்டை நடத்தும் பன்னாட்டுக் குறியாக்கவியல் ஆராய்ச்சிச் சங்கம்) நடத்தும் இ-பிரிண்ட் என்ற கட்டுரைத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதனால் கட்டுரையைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கட்டுரையில் எழுதாததைக் கேட்கத்தான் போகிறோம். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுகள்தான்.

படி 1: கட்டுரையோடு போவதா, சும்மா போவதா?

இரண்டுக்கும் வழி உண்டு. கட்டுரை அனுப்புவதென்றால் பிப்ரவரி நடுவில் கெடு முடியும். எழுதியவர் பெயர், நிறுவனம் எதுவும் தெரியாமல் அனுப்ப வேண்டும். சுமார் நாலில் ஒன்றுதான் தேறும். அதனால் முதல் கட்டுரையை நேராக இங்கே அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், டிசம்பரில் இந்திய நகரம் ஒன்றில் நடக்கும் இந்தோகிரிப்ட் மாநாட்டுக்கு ஒருமுறை போய்வருவது நல்லது என்பேன். 2000 முதல் நடக்கிறது, சென்னையிலும் நடந்திருக்கிறது. விசா தொல்லை கிடையாது.

கட்டுரை இல்லாமலும் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். பார்வையாளராகப் போவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

படி 2: பணமும் விசாவும்

கட்டுரை வாசிக்கப்போகும் மாணவர் என்றால் ஐஏசிஆரின் மாணவர் நிதியிலிருந்து பதிவுக் கட்டணத்துக்கு விலக்கு கிடைக்கும். கேட்டால்தான் கிடைக்கும், எனவே பதிவுப் பக்கத்தை முழுக்கப் படியுங்கள். கட்டணம் கட்டுகிறவர்களுக்கு அதிலேயே அடுத்த ஆண்டுக்கான ஐஏசிஆர் உறுப்பினர் கட்டணமும் அடங்கிவிடும்.

பதிவு உறுதியானதும் அழைப்புக் கடிதம் கேட்டு எழுதிவிடுங்கள். அமெரிக்காவின் பி1 விசாவுக்கு டிஎஸ்-160 என்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி வாங்குவதில்தான் மாதக்கணக்கில் ஓடிப்போகும். குறியாக்கம் என்றதும் கூடுதல் பரிசோதனை என்று கடவுச்சீட்டை நிறுத்திவைப்பதும் உண்டு. நேர்காணலில் லாட்டிஸ், ஹோமோமார்பிக் என்று துறைச் சொற்களில் ஆரம்பிக்காதீர்கள். “இணையத்தில் பணம் அனுப்பும்போது நடுவில் யாரும் படிக்காமல் காக்கிற கணிதம்” என்றால் அதிகாரிக்கும் புரியும், வேலையும் முடியும்.

படி 3: போய்ச் சேர்வது, தங்குவது

லாஸ் ஏஞ்சலஸில் இறங்கினால் அங்கிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், போக்குவரத்து நெரிசல் இருந்தால் இன்னும் கூடும். ரயிலில் வர விரும்பினால் பசிபிக் சர்ஃப்லைனர் பிடித்து கோலிட்டா நிலையத்தில் இறங்குங்கள். வழியில் கடலை ஒட்டியே போகும் பகுதி இருக்கிறது, இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். சாண்டா பார்பரா விமான நிலையம் வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, டிக்கெட் விலைதான் யோசிக்க வைக்கும்.

கோடை விடுமுறையில் காலியாகிவிடும் மாணவர் விடுதிகளில் அறை தருவார்கள். ஓட்டலைவிடச் சிக்கனம், இரவு பேசிக்கொண்டிருக்க ஆளும் கிடைக்கும். ஆகஸ்ட் என்றாலும் காலையில் மூடுபனி இருக்கும், மாலையில் கடல்காற்று குளிரும். ஒரு ஸ்வெட்டர் போதும். சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, காரத்துக்குத்தான் பஞ்சம்.

படி 4: கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு அங்கே போனால் பாதிப் பேச்சுகளில் தூக்கம் வரும்.

நிகழ்ச்சிநிரல் வந்ததும் ஐந்தாறு கட்டுரைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அரங்குகளில் பேச்சுகள் நடப்பதால் எல்லாவற்றையும் கேட்கவும் முடியாது. தேர்ந்தெடுத்தவற்றை இ-பிரிண்டில் எடுத்து முன்னுரையை மட்டும் படியுங்கள். பல முன்னுரைகளில் பழைய முறைகளோடு தங்கள் முறையை ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டிருப்பார்கள். கடைசி வரிசை அவர்களுடையது. அதில் எந்தக் கட்டத்தில் மற்றவர்களை முந்துகிறார்கள் என்று பாருங்கள். அப்புறம், எதை விட்டுக்கொடுத்து முந்தினார்கள் என்று பாருங்கள். டிஜிட்டல் கையொப்பம் சிறிதாகியிருக்கும், ஆனால் சாவி பெரிதாகியிருக்கும். அல்லது வேகம் கூடியிருக்கும், ஆனால் நிரூபணம், ஹாஷ் (எந்தத் தரவையும் நிலையான நீளத்துக்குச் சுருக்கும் கணக்கீடு) முற்றிலும் தற்செயலான விடை தரும் என்று எடுத்துக்கொள்கிற ரேண்டம் ஆரக்கிள் என்ற அனுமானத்தில் நிற்கும்.

அங்கேதான் உங்கள் கேள்வி இருக்கிறது: “ரேண்டம் ஆரக்கிளை எடுத்துவிட்டால் உங்கள் நிரூபணத்தில் முதலில் உடைவது எந்த இடம்?” இதற்கு, முயன்று பார்த்துத் தோற்ற கதையெல்லாம் பதிலாக வரும். எந்தக் கட்டுரையிலும் அது இருக்காது. கட்டுரைக்கு ஒன்றாக இப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பேச்சுகளும் இடைவேளையும்

மைக் முன்னால் நின்று கேட்கத் தயக்கமாக இருந்தால் காபி இடைவேளையில் கேளுங்கள். பாடப்புத்தகத்தில் பெயர் பார்த்த ஆட்கள் கையில் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். சார், மேடம் வேண்டாம், பெயர் சொல்லியே கூப்பிடலாம். நமக்கு முதல் நாள் நாக்கு வராது, இரண்டாம் நாள் பழகிவிடும். “நான் இன்ன ஊர், இதைப் படிக்கிறேன்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வந்துவிடுங்கள்.

ஒரு மாலை ரம்ப் செஷன் என்ற குறும்பேச்சு நிகழ்ச்சி நடக்கும். எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். 1981இல், பொதுச்சாவிக் குறியாக்கத்தின் முன்னோடியான விட்ஃபீல்ட் டிஃபி தொடங்கி வைத்தது. ஆளுக்குச் சில நிமிடங்கள்தான். முடியாத ஆராய்ச்சி, அறிவிப்பு, கிண்டல், சில சமயம் பாட்டு என்று எல்லாம் வரும். 2004இல் சீனாவின் வாங் ஷியாவ்யுன் குழுவினர் எம்டி5 ஹாஷுக்கு மோதல்களை (ஒரே ஹாஷ் விடை தரும் இருவேறு தரவுகளை) கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தது இப்படியொரு குறும்பேச்சில்தான். உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருந்த ஹாஷ் அது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. புதியவர்களும் பேசலாம். தலைப்பை முன்கூட்டியே அனுப்பி, ஒரே ஒரு ஸ்லைடோடு போனால் நேரத்துக்குள் முடிக்கலாம்.

படி 6: கடற்கரை

தண்ணீர் நம் வங்கக்கடல் போல இருக்காது, ஜில்லென்று இருக்கும். மணலில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தில் கறுப்பாகத் தார் ஒட்டும். கப்பலில் இருந்து கொட்டியதாக இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் பக்கத்துக் கோல் ஆயில் பாயிண்ட் கடலடியில் இருந்து எண்ணெய் தானாகக் கசிந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான சுமாஷ் மக்கள் இப்படி இயற்கையாகக் கிடைக்கும் தாரைக் கொண்டுதான் பலகைப் படகுகளின் இடுக்குகளை அடைத்தார்கள். சோப்புக்கு இது மசியாது. தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தேய்த்துத் துணியால் துடைத்தால் போய்விடும். பெட்டியில் ஒரு சின்ன பாட்டில் இருக்கட்டும்.

படி 7: திரும்பிய பிறகு

பேசியவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். “சந்தித்ததில் மகிழ்ச்சி” என்று மட்டும் எழுதினால் பதில் வராது. காபி வரிசையில் பேசிய விஷயத்தைக் குறிப்பிட்டு, அதற்குப் பின் நீங்கள் முயன்று பார்த்த ஏதாவது ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். தவறவிட்ட பேச்சுகளின் காணொளி ஐஏசிஆர் யூடியூப் பக்கத்தில் பின்னால் வரும், அதற்கு அவசரமில்லை.