பிரிவதற்கே ஒத்துழைக்க வேண்டிய தம்பதி: மணவருத்தக் காதல் நகைச்சுவைக்குக் கதைப்பின்னல் அமைக்கும் முறை

மணவாழ்க்கையை எண்ணி வருந்தும் கணவன் மனைவியை வைத்துக் காதல் நகைச்சுவை எழுத முற்படுவோர் பெரும்பாலும் முதல் இருபது பக்கங்களைப் புலம்பலில் கரைத்துவிடுகிறார்கள். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே பெருமூச்சு விடுகிறாள். அவன் கோப்பிக்கடையில் நண்பனிடம் குறைப்பட்டுக்கொள்கிறான். பழைய காதலி ஒருத்தியின் நினைவு வந்து போகிறது. இவ்வளவும் நடந்த பிறகும் கதை தொடங்கியிருக்காது. வருத்தம் ஒரு செயலாக மாறி, அந்தச் செயலுக்கு ஒரு செலவும் ஒரு கெடுவும் ஏற்படும் இடத்தில்தான் கதைப்பின்னல் தொடங்குகிறது.

வழக்கமான காதல் நகைச்சுவையில் இருவர் சேர்வதற்கு ஊரும் உறவும் தடையாக நிற்கும். இங்கே அவர்கள் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், அதே ஊரையும் உறவையும் பிரிவுக்குத் தடையாகத் திருப்பி நிறுத்த வேண்டும். 1930களிலும் 40களிலும் ஹாலிவுட் இவ்வகையில் பல படங்களை எடுத்தது. மெய்யியலாளர் ஸ்டான்லி கவெல் 1981இல் அவற்றை ‘மறுமண நகைச்சுவை’ என்று வகைப்படுத்தி, அவற்றின் ஓட்டம் இருவரைச் சேர்ப்பதை நோக்கியதன்று, மீண்டும் சேர்ப்பதை நோக்கியது என்று விளக்கினார். அப்படங்களின் தம்பதியர் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் இருந்தது. நம் மலேசியத் தோட்டப்புறத்துத் தம்பதிக்கு அந்த ஓய்வு கிடையாது, ஆகவே அவர்கள் வேலை செய்துகொண்டேதான் சண்டையிட வேண்டும். நகைச்சுவைக்கு இது பெரும் வசதி என்பது என் கருத்து.

ஒரு கற்பனைத் தம்பதியை வைத்து மேலே செல்வோம். இடம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ரப்பர்த் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்து, இன்று செம்பனைக்கும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் இடையில் இருக்கும் ஊர். சிவராஜும் கவிதாவும் மணமாகிப் பதினோர் ஆண்டுகள் ஆனவர்கள். திருமணங்களுக்கும் கருமக்கிரியைகளுக்கும் கூடாரம், மேசை, நாற்காலி வாடகைக்கு விடுகிறார்கள். ஊரில் யார் வீட்டு விசேஷமானாலும் கூடாரம் கட்டுபவர்கள் அவர்கள், பிரிப்பவர்களும் அவர்கள். கூடாரத்தின் இரும்புச் சட்டத்தை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தூக்கினால்தான் கால்களைச் செருக முடியும் என்பதைக் கவனியுங்கள். தம்பதிக்குத் தொழில் தேடும்போது இப்படி ஒருவரால் தனியே செய்ய முடியாத வேலையைத் தேடுங்கள். இருவரும் தனித்தனி அலுவலகத்துக்குப் போகிறவர்கள் என்று வைத்துவிட்டால், ஒவ்வொரு காட்சிக்கும் அவர்களை ஒன்றாகக் கொண்டுவருவதிலேயே உங்கள் உழைப்பு தீர்ந்துவிடும்.

அடுத்ததாக வருத்தத்தின் காரணத்தை முடிவு செய்ய வேண்டும், அதுவும் இருவருக்கும் ஒன்றாக. ஒருவர் மட்டும் வருந்தினால் மற்றவர் பாவப்பட்டவராகிப் போவார், சிரிப்பு நின்றுவிடும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கிடைத்த இடத்தை இந்தத் திருமணத்துக்காக விட்டவள் கவிதா. சிங்கப்பூரில் கிடைத்த வேலையை இதே திருமணத்துக்காக விட்டவன் சிவராஜ். தான் விட்டதை மற்றவருக்கு இருவருமே சொல்லவில்லை. ‘அவசரப்பட்டது இவர்தான், நான் விட்டுக்கொடுத்தேன்’ என்று இருவரும் தனித்தனியே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கதையின் கடைசியில் உடைய வேண்டியது இந்த நம்பிக்கை ஒன்றே. ஆகவே அது உடைவதற்கான சான்றை, சுமக்கும் மேசைகளுக்கு அடியில் கிடக்கும் பழைய கடித உறை போன்ற ஒன்றை, முதல் கால்பகுதியிலேயே பார்வையாளர் கண்ணில் படும்படியும் பாத்திரங்கள் கண்ணில் படாதபடியும் வைத்துவிடுங்கள்.

தொடக்கக் காட்சியைப் புலம்பலில் அமைக்காமல் உடன்பாட்டில் அமைக்கலாம். திருமணம் ஒன்று முடிந்து, பின்னிரவில் இருவரும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

“பேசாம பிரிஞ்சிருவோமா, கவிதா?”

“சரிங்க. மொதல்ல அந்தக் காலப் புடிங்க, என் மேல விழப்போவுது.”

பதினோர் ஆண்டுகளில் அவர்கள் இவ்வளவு விரைவாக எதற்கும் ஒத்துப்போனதில்லை என்பதே இங்கே நகைச்சுவை. பிரிய முடிவெடுத்த பிறகு அவர்களிடையே ஒருவகை இணக்கம் பிறக்கிறது. அந்த இணக்கம்தான் பின்னர் பிரிவைக் கெடுக்கப் போகிறது. முழுக் கதையின் இயக்கமும் இந்த முரணில் அடங்கியிருப்பதால், உங்கள் தொடக்கக் காட்சியில் இதற்கு நிகரான ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி கெடு. மலேசியாவில் எழுதுகிறவருக்கு அதைக் கற்பனையில் தேட வேண்டிய தேவையே இல்லை. சட்டமே கதையின் அங்கங்களைப் பிரித்துத் தந்திருக்கிறது. முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்தையும் மணவிலக்கையும் ஆளும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் 50ஆம் பிரிவின்படி, விதிவிலக்கான துன்பம் என்று நீதிமன்றம் இசைந்தாலன்றி, மணமாகி இரண்டு ஆண்டுகள் கழியாமல் மணவிலக்கு மனு போட முடியாது. இளம் தம்பதியைப் பற்றி எழுதுவோருக்கு இதுவே ஒரு முழுக் கதை. பதிவுத் திருமணத்தை முன்பே முடித்துவிட்டுக் கோயில் திருமணத்தைப் பல மாதம் கழித்து நடத்தும் வழக்கம் நம்மிடையே இருப்பதால், ‘எந்த நாளிலிருந்து கணக்கு’ என்று ஒரு மாமனும் ஒரு வழக்கறிஞரும் மோதும் காட்சியைத் தயக்கமின்றி எழுதலாம். ஒருவர் மட்டும் மனு போட நினைத்தால், 106ஆம் பிரிவின்படி பொதுவாக முதலில் இணக்கக் குழுவின் முன் போய் நிற்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் முன்னிலையில் தங்கள் சமையலறைச் சண்டையை விவரிக்க வேண்டிய தம்பதியின் சங்கடம் நல்ல பொருள்தான்; ஆனால் அது பேச்சாகவே முடிந்துவிடும் என்பதால் நான் அதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

சிவராஜுக்கும் கவிதாவுக்கும் 52ஆம் பிரிவே ஏற்றது. இருவரும் மனமொத்துக் கூட்டாக மனுச் செய்யலாம். அவர்கள் இசைவு தன்னிச்சையானது என்பதிலும், மனைவியின் வாழ்க்கைக்கும் பிள்ளைகளின் வளர்ப்புக்கும் தக்க ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்பதிலும் நீதிமன்றம் நிறைவடைய வேண்டும். அதாவது, சேர்ந்து வாழ்ந்த காலத்தில் பேசி முடிக்காத அத்தனையையும் பிரிவதற்காக அவர்கள் உட்கார்ந்து பேசி எழுத்தில் தர வேண்டும். லாரிக் கடன் யாருக்கு, மகளின் தமிழ்ப்பள்ளிக்கு யார் அழைத்துப் போவது, மாமியாரின் மருந்துச் செலவு என்ன ஆகும், எட்டுக் கூடாரத்தில் யாருக்கு எத்தனை என்று ஒவ்வொரு வாசகமும் ஒரு காட்சியாகும். உயர் நீதிமன்றத்துக்காக ஈப்போ வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஒரே லாரியில் போய்வர வேண்டியிருப்பது கூடுதல் பயன். முதல் பயணத்தில் பேச்சில்லை, இரண்டாவதில் வழி பற்றிச் சண்டை, மூன்றாவதில் திரும்பும்போது சாப்பிட நிறுத்துகிறார்கள் என்று, அதே சாலையை மாற்றத்தின் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, மணவிலக்குத் தீர்ப்பு முதலில் இடைக்காலத் தீர்ப்பாகவே வழங்கப்படும். நீதிமன்றம் குறைத்தாலன்றி மூன்று மாதங்களுக்கு முன் அது இறுதியாகாது. மூன்றாம் அங்கத்துக்கு இதைவிடத் துல்லியமான கெடு யாருக்குக் கிடைக்கும்?

நடுப்பகுதியில்தான் பெரும்பாலான கதைகள் சோர்கின்றன. சண்டைகளை அடுக்கினால் போதும் என்று நினைப்பதே காரணம். சண்டை வளர வேண்டும், அதுவும் முந்தைய சண்டைக்குச் சொன்ன தீர்விலிருந்தே வளர வேண்டும். இதற்குத் திருக்குறளின் புலவி நுணுக்கம் அதிகாரத்தைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. 1317ஆம் குறளில் அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், உடனே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். உம்மவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகிறாள். அவன் கண்டுபிடித்த தீர்வே அடுத்த குற்றச்சாட்டாகிவிட்டதைப் பாருங்கள். நம் கதையில் சிவராஜ் எப்போதும் தாமதமாக வருபவன் என்பது கவிதாவின் புகார் என்றால், அவன் ஒரு நாள் நேரத்தோடு வந்து நிற்கட்டும். ‘பதினோரு வருஷமா இது முடிஞ்சிருக்கு, ஆனா செய்யல’ என்று அவள் முன்னிலும் கோபப்பட அதுவே காரணமாகட்டும். மூன்றாவது படியில் அவன் திருந்தியதை ஊர் கவனித்து, யாருக்காகத் திருந்தினான் என்று பேசத் தொடங்கட்டும். மூன்று படிகளுக்கு மேல் இழுக்க வேண்டாம். ஊடல் உப்பைப் போன்றது, சற்று மிகுந்தாலும் கெடும் என்று எச்சரித்திருப்பதும் அதே நூல்தான்.

ஊரைப் பயன்படுத்தும் வழியையும் நம் மரபு வகுத்து வைத்திருக்கிறது. ஊடிய தலைவியிடம் தலைவனுக்காகத் தூது செல்லும் வாயில்கள் பன்னிருவரைத் தொல்காப்பியம் பட்டியலிடுகிறது. தோழி, பாங்கன், பாணன் ஆகியோருடன் விருந்தினரும் அதில் இருக்கிறார்கள். விருந்தினர் யாருக்காகவும் பரிந்து பேச வேண்டியதில்லை. அவர்கள் வந்து உட்கார்ந்தாலே போதும், அவர்கள் முன் ஊடலை மறைத்துத்தான் ஆக வேண்டும். பினாங்கிலிருந்து சிவராஜின் பெரியம்மா தைப்பூசத்துக்காக வந்து, ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகும்வரை ஒரு வாரம் இவர்கள் வீட்டிலேயே தங்குவதாக வையுங்கள். தனித்தனி அறையில் படுக்கும் தம்பதி ஓர் அறைக்குத் திரும்ப வேண்டும், உடன்படிக்கைத் தாள்களை ஒளிக்க வேண்டும், ‘அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து பால்குடம் எடுங்க’ என்னும் பெரியம்மாவுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையாட்ட வேண்டும். கதையின் நடுப்புள்ளியை இங்கே வைப்பேன். நடிப்பென்று தொடங்கிய ஒரு சிறு செயல், அவன் கேட்காமலே அவள் மைலோ கலக்கி வைப்பது போன்ற ஒன்று, பெரியம்மா தூங்கிய பிறகும் நிற்காமல் தொடர வேண்டும்.

ரகசியம் கசிவதற்கு, தோட்டத்து வரிசை வீடுகளான லயம் இருந்த காலத்தில் ஒரு பலகைச் சுவர் போதும். தாமானில் சுவர் கல்லாகிவிட்டது. அந்த வேலையை இப்போது வாட்ஸ்ஆப் குழு செய்கிறது. யாருக்கு எது எந்தக் காட்சியில் தெரியும் என்பதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு முதலிலேயே தெரியும், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டாள் என்பது எப்போதும் பலன் தரும்.

ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு அடிக்கும் கணவனை இந்த வகைக்குள் கொண்டுவராதீர்கள். தோட்டப்புறக் கதை என்றாலே அவனை நுழைப்பது பழக்கமாகிவிட்டது. அவனைத் திருத்தி மனைவியோடு சேர்த்துவைப்பதை நகைச்சுவை என்று அழைப்பது அநீதி. சேர்ந்தால் நல்லது என்று பார்வையாளர் விரும்பக்கூடிய அளவுக்கே வருத்தத்தின் காரணம் இருக்க வேண்டும். வில்லியாக வரும் பழைய காதலியும் தேவையில்லை. அவள் வந்தால் பழி அவள்மேல் விழுந்துவிடும், தம்பதி தங்கள் தவற்றைப் பார்க்கமாட்டார்கள்.

நெருக்கடி இடைக்காலத் தீர்ப்புக்குப் பிறகு வரட்டும். அவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது, எதிர்ப்பு எதுவும் மிஞ்சவில்லை என்ற நிலையில்தான் அந்தக் கடித உறை வெளிப்பட வேண்டும். அது யார் கையில் கிடைக்கிறது என்பது முக்கியம்: கவிதாவின் கல்லூரிக் கடிதத்தைச் சிவராஜ் பார்க்கட்டும், ஆனால் அவன் தன் சிங்கப்பூர் கதையை உடனே சொல்லிச் சமன் செய்துவிடக் கூடாது. முதலில் அவன் ஒன்றைச் செய்ய வேண்டும். பங்கு பிரித்ததில் தனக்கு வந்த கூடாரங்களை விற்று, அவள் இப்போது படிப்பதற்குப் பணம் கட்டப் புறப்படுகிறான் என்று வைத்தால், அவன் செயல் பிரிவை இன்னும் உறுதியாக்குகிறது. அவன் கையில் கூடாரமே இல்லாத நாளில் பெரியம்மா பேத்தியின் திருமணம் வந்து நிற்கிறது. அப்போது கவிதா தன் பங்குக் கூடாரங்களோடு வர, தூக்க ஓர் ஆள் குறைகிறது.

அந்தத் திருமணத்தில் அவர்கள் சேர்ந்துவிட்டதாக யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. ஆனால் தொடக்கத்தில் இருந்த அதே வாழ்க்கைக்கு அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டால் கதை ஏமாற்றிவிடும்; அவள் படிக்கப் போகிறாள், தொழிலுக்கு ஒரு பையனைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது போன்ற மாற்றம் ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொண்ணூறு நிமிடத் தொலைக்காட்சிப் படமாக எழுதுவீர்களானால், உடன்பாடு பத்தாம் நிமிடத்துக்குள்ளும், மனு இருபத்தைந்துக்குள்ளும், பெரியம்மாவின் வருகை நாற்பதையொட்டியும், தீர்ப்பு அறுபத்தைந்திலும் அமைவது வசதியானது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு காட்சியாக எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எடுத்த பிறகும் மனுவின் போக்கு மாறவில்லை என்றால், எவ்வளவு சிரிப்பு வந்தாலும் அந்தக் காட்சியை வெட்டிவிடுங்கள்.